டேலியோ: செய்து முடித்ததைக் குறித்துவைக்க ஒரு செயலி

மனம் சோர்ந்திருக்கும் நாளின் முடிவில் "இன்றைக்கு ஒன்றுமே உருப்படியாகச் செய்யவில்லை" என்ற எண்ணம்தான் முதலில் வந்து நிற்கும். பெரும்பாலும் அது உண்மையாக இருப்பதில்லை. உண்மையில்லை என்று நமக்கு நாமே காட்டிக்கொள்ள ஒரு கோடு போட்ட நோட்டே போதும். ஆனால் நோட்டை எடுத்து எழுத உட்காரும் தெம்புகூட இல்லாதவர்களுக்கு டேலியோ செயலியைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம்.

இதில் எழுத வேண்டிய கட்டாயமே இல்லை. மனநிலையைக் காட்ட மலர்ந்த முகம் முதல் வாடிய முகம் வரை உள்ள ஐந்தில் ஒன்றைத் தொட்டுவிட்டு, அடுத்து வரும் சிறு படங்களில் அன்று செய்தவற்றைத் தொட்டால் பதிவு முடிந்தது. விரும்பினால் ஒரு வரி குறிப்பும் சேர்க்கலாம். ஆனால் செயலியோடு வரும் பட்டியல் குடும்பம், நண்பர்கள், உடற்பயிற்சி என்று பொதுப்படையாக இருக்கிறது. அதையே வைத்துக்கொண்டால் எதைச் செய்து முடித்தோம் என்பது பதிவாகாது. "காய்ந்த துணியை மடித்துவைத்தேன்", "தள்ளிப்போட்ட போனைப் பேசி முடித்தேன்", "கரண்ட் பில் கட்டினேன்" என்று நாம் வீட்டில் பேசும் தமிழிலேயே எழுதிச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் இது நமக்கான கருவியாகிறது. பல் தேய்த்ததைக்கூடச் சேர்க்கலாம். படுக்கையை விட்டு எழ முடியாத நாட்களில் அது சின்ன வேலையன்று.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய, எண்ணப் போக்கை மாற்ற உதவும் அறிவாற்றல் சிகிச்சையில் இதற்கு முன்னோடியான ஒரு பயிற்சி உண்டு. மனச்சோர்வுற்றவர் தம் அன்றாடச் செயல்களைக் குறித்து, செய்து முடித்த நிறைவுக்கும் அதில் கிடைத்த மகிழ்ச்சிக்கும் தனித்தனியே மதிப்பெண் இடுவார். டேலியோவின் பெரிய குறை இங்கேதான் தெரிகிறது: ஒரு பதிவுக்கு ஒரே முகம்தான். கரண்ட் பில் கட்டுவதில் மகிழ்ச்சி என்ன இருக்கிறது? ஆனாலும் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருக்கும். அந்த நிறைவைத் தனியே காட்ட வழியில்லை. "முடித்தவை", "ரசித்தவை" என இரு பிரிவுகளை நாமே வகுத்துக்கொள்வது ஓரளவு கைகொடுக்கும்.

எந்தச் செயலைச் செய்த நாட்களில் மனம் எப்படி இருந்தது என்று செயலி கணக்கிட்டுக் காட்டுவது சுவையானதுதான் என்றாலும், அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. நடைப்பயிற்சி சென்ற நாட்களில் முகம் மலர்ந்திருந்தால், நடந்ததால் மனம் தெளிந்ததா, மனம் தெளிந்திருந்ததால் நடக்கத் தோன்றியதா என்று அந்தக் கணக்கு சொல்லாது. இடைவிடாமல் எத்தனை நாள் பதிந்தோம் என்று எண்ணிக்காட்டும் வசதியும் எனக்கு உவப்பாக இல்லை. ஊக்கம் தருவதற்காக வைத்த எண்ணிக்கை ஒருநாள் விட்டுப்போனதும் அறுந்துவிடுவது, ஏற்கெனவே தம்மைக் குறைசொல்லிக்கொண்டிருப்பவருக்கு இன்னொரு சாக்காகிவிடும்.

விளம்பரங்களைப் பொறுத்துக்கொண்டால் இலவசமாகவே பயன்படுத்தலாம். கூடுதல் வசதிகளுக்குத்தான் சந்தா. பதிவுகள் கைப்பேசியிலேயே தங்குவதால், கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ நகல் எடுத்துவைப்பது அவசியம்.

இது சிகிச்சைக்கு மாற்றாகாது. துயரம் மிகுந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை (இந்திய அரசின் மனநல உதவி எண்) அழைப்பதே முறை. ஆனால் சிகிச்சைக்குச் செல்பவருக்கு இதனால் ஒரு நல்ல பயன் உண்டு. மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் பிஎச்க்யூ-9 வினாப்பட்டியல் கடந்த 2 வார நிலையைக் கேட்கிறது. அன்றைய மனநிலையே பழைய நாட்களுக்கும் சாயம் பூசிவிடும் என்பதால், நினைவிலிருந்து பதில் சொல்வதைவிட செயலியின் மாத நாட்காட்டியைத் திறந்து மருத்துவரிடம் காட்டிவிடுவது எளிது.