‘அப்படியே சொருகலாம் அண்ணே’: பழைய காத்தாடி வாங்குகிறவர்களுக்கு

பழைய மேசைக் காத்தாடி (மின்விசிறி) மேல் ஆசை உள்ளவர்கள், பணத்தை எடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் 480 வெள்ளி கொடுத்து வாங்கியது வீட்டில் ஒன்பது நிமிடம் ஓடியது.

எனக்கு இது புது ஆசை இல்லை. சிங்கப்பூரில் பழைய சாமான் விற்ற சுங்கை ரோடு திருட்டுச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்படும்வரை ஓய்வு நாளில் அங்கேதான் கிடப்பேன். தரையில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்திருக்கும் தாத்தாக்களிடம் "ஓடுமா?" என்று கேட்டால் "தெரியாது" என்பார்கள். அந்தத் ‘தெரியாது’வை நம்பி இருபது முப்பது வெள்ளிக்கு வாங்கி வந்து, நாமே கழற்றிப் பார்த்துக்கொள்வோம். இப்போது விற்கிறவர்களுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. விலையும் அதற்கேற்ப.

இந்த முறை போனது ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில் இருக்கும் சின்னக் கடைக்கு. நம் தமிழ்த் தம்பிதான். பித்தளை இறக்கை நான்கும் குத்துவிளக்கு மாதிரி மின்னின. உடம்புக்குப் புதுக் கறுப்புப் பெயிண்ட், துணி சுற்றிய புது வயர், நம் ஊர் மூன்று முள் பிளக். "ஜிஇசி அண்ணே, இங்கிலாந்துச் சாமான். 230 வோல்ட், வீட்டுக்குப் போய் அப்படியே சொருகலாம்." கூண்டின் நடுவில் இருந்த வில்லையில் சுருள் எழுத்தில் ஜி, இ என்று இரண்டு எழுத்துதான் இருந்தது. மூன்றாவது எழுத்து தேய்ந்திருக்கும் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஓட்டிக் காட்டினார். சத்தமே இல்லை, நல்ல காற்று. காத்தாடி வயர் ஒரு நீட்டிப்பு வயரில் சொருகியிருந்தது. அந்த நீட்டிப்பு வயர் அலமாரிக்கு அடியில் போனது. அதற்குப் பிறகு அது எங்கே போகிறது என்று நான் பார்க்கவில்லை. என் முட்டாள்தனம் அங்கேதான்.

வீட்டில் சொருகியதும் விமானம் மாதிரி ஓர் இரைச்சல். கடையில் கேட்காத சத்தம். இடம் மாறினால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அறையிலிருந்து அம்மா, "என்னடா, கருவாடு கருகுது?" என்றார். கருகியது மோட்டாருக்குள் இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) மேல் பூசிய வார்னிஷ். பின்பக்கத்திலிருந்து புகை நூல் மாதிரி எழுந்தது. சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கியபோது மோட்டார் மேல் கை வைக்க முடியவில்லை.

ஆறிய பிறகு கவிழ்த்தேன். அடியில் புதிதாக ஒட்டிய பச்சைக் கம்பளித் துணி. அதை உரித்து நான்கு திருகாணியைக் கழற்றினால் உள்ளே வேறு உலகம். வெளியே தெரிந்த அழகான வயர் உள்ளே ஒரு சாண் நீளம்தான். அதற்கு மேல் பழைய ரப்பர் வயரோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். ரப்பரை விரலால் தொட்டேன், முறுக்கு மாதிரி பொடிந்து உதிர்ந்தது. செப்புக் கம்பி வெறுமையாக இரும்பு உடம்புக்கு அரை அங்குலத்தில் நின்றது. எர்த் கம்பி கிடையாது. பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸ். இந்த மாதிரி சின்னச் சாமானுக்கு 3 ஆம்பியர் போட வேண்டும்.

வீட்டில் ஆர்சிசிபி, அதாவது கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிறதே, அது விழவில்லையா என்று கேட்பீர்கள். மின்சாரம் வெளியே கசிந்தால்தான் அது விழும். காயில் தனக்குள்ளேயே வேகும்போது அதற்கு ஒன்றும் தெரியாது.

மோட்டாரின் பின்னால் பெயிண்டை மெல்லச் சுரண்டியதும் தகடு தெரிந்தது: 110 வோல்ட், 60 சைக்கிள் (இன்றைய பேச்சில் 60 ஹெர்ட்ஸ்). ஜிஇ என்றால் அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக். ஜிஇசி என்பது பிரிட்டிஷ் கம்பெனி. பெயர் ஒத்துப்போகும், இரண்டும் வேறு வேறு. அந்தத் தகட்டின் மேல் பெயிண்ட் தற்செயலாகப் பட்டது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். கடையில் அலமாரிக்கு அடியில் 230 வோல்ட்டை 110 ஆகக் குறைக்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருந்திருக்கிறது.

தம்பியை அழைத்துக் கேட்டேன். "விவரம் தெரிஞ்சவங்க டிரான்ஸ்ஃபார்மர் போட்டுத்தானே அண்ணே ஓட்டுவாங்க" என்றார். நல்லவேளை, வாங்குவதற்கு முன் கைப்பேசியில் அவர் அனுப்பிய "230, நேரா சொருகலாம்" அழியாமல் இருந்தது. கடை வைத்து விற்கிறவர் என்றால், 2012 செப்டம்பரில் வந்த லெமன் சட்டம் (குறையுள்ள பொருளை வாங்கியவருக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம்) பழைய பொருளுக்கும் பொருந்தும். பயனீட்டாளர் சங்கத்தில் விசாரித்துவிட்டு, சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் இணையம் வழியாக மனுப் போட்டேன். கட்டணம் 10 வெள்ளி. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. பதிவாளர் முன்னால் உட்கார்ந்ததும் தம்பி 300 வெள்ளி திருப்பித் தர இறங்கிவந்தார். காத்தாடி என்னிடமே இருக்கட்டும் என்றார். சரி என்று வாங்கிக்கொண்டேன்.

இப்போது காத்தாடி பார்க்கக் கடைக்குப் போனால் முதலில் வயரைப் பிடித்துக்கொண்டு சுவர் வரைக்கும் நடக்கிறேன். கடைக்காரர் சிரித்தாலும் பரவாயில்லை. தகடு தெரியவில்லை என்றால் விலை பேசுவதில்லை. அடிப்பாகத்தை என் கண்முன் கழற்றச் சொல்கிறேன், மறுத்தால் கிளம்பிவிடுகிறேன். அரை மணி நேரமாவது ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு மோட்டாரைத் தொட்டுப் பார்க்கிறேன். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு சரியில்லை. எண்ணெய்த் துளையைப் பெயிண்ட் அடைத்திருந்தால், அந்தப் பெயிண்ட் அடித்தவருக்குக் காத்தாடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பேரப்பிள்ளைகள் வரும் வீடு என்றால் கூண்டின் இடைவெளியையும் பாருங்கள், பழைய கூண்டில் குழந்தை கை முழுசாகப் போகும்.

டிரான்ஸ்ஃபார்மர் போட்டுவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். அது வோல்ட்டைக் குறைக்குமே தவிர, நம் 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. காத்தாடி கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், வழக்கத்தைவிட அதிகமாகச் சுடும். அப்படி ஒன்றை ராத்திரி முழுக்க ஓடவிட்டுத் தூங்க எனக்கு மனசு வராது.

போன வாரம் அந்தத் தம்பி இன்னொரு காத்தாடியின் படத்தைப் போட்டிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். அலமாரிக்கு அடியில் அதே நீட்டிப்பு வயர்.