லொறியா, கம்பெனியா, பட்டாவா? கொழும்பில் தொடர்மாடி வீடு மாறுவோருக்கு ஓர் ஒப்பீடு

வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளைக்கு லொறி ஓட அரை மணித்தியாலம் போதும். ஆறாம் மாடியிலிருந்து சாமானை இறக்கி அந்த லொறியில் ஏற்றத்தான் அரை நாள் போகும். வாகனம் பிடிக்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது "கிலோமீற்றருக்கு எவ்வளவு?" என்று. நகரத்துக்குள் வீடு மாறுகிறவர்களுக்கு அந்தக் கேள்வியால் பெரிய பயனில்லை. வீட்டு வாசலுக்கும் லொறி நிற்கிற இடத்துக்கும் இடையில் உள்ள வழிதான் கூலியைக் கூட்டும், குறைக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு அறை வீடென்றால் 40 முதல் 50 பெட்டி வரும். அதற்கு மேல் கட்டில், அலுமாரி, சாப்பாட்டு மேசை, பிரிட்ஜ், வோஷிங் மெஷின். எட்டுப் பேர் ஏறும் சாதாரண லிஃப்டில் இதெல்லாம் 30, 35 தடவை இறங்க வேண்டும். ஏற்றி, கீழே வைத்துவிட்டு, மற்றக் குடியிருப்பாளர்களுக்கும் வழிவிட்டு மேலே வர, ஒரு சுற்றுக்கு 6, 7 நிமிடம். அதாவது மூன்று, நான்கு மணித்தியாலம். புதிய கட்டடத்திலும் அதேயளவு, கூடினால் இரண்டும் சேர்ந்து எட்டு. பல தொடர்மாடிகளில் சாமான் ஏற்றியிறக்க விடுவதோ காலை 9 முதல் மாலை 4 அல்லது 5 வரைதான். ஆக, இரு பக்கமும் லிஃப்ட் உள்ள வீட்டு மாற்றம் ஒரே லொறி, ஒரே ஆட்கள் என்று வைத்தால் ஒரு நாளுக்குள் அடங்குவது கஷ்டம். லொறியும் கூலியாட்களும், முழு வேலையும் பார்க்கும் கம்பெனி, பட்டா எனப்படும் சின்ன லொறி ஆகிய மூன்று வழிகளையும் இந்தக் கணக்கில் வைத்துத்தான் தூக்கிப் பார்க்க வேண்டும்.

லொறியும் நாட்டாமையும்

சாரதியுடன் லொறியை வாடகைக்கு எடுத்து, சாமான் தூக்க நாட்டாமைகளைத் தனியாகப் பேசுவது பழைய வழி. கூலி மிகக் குறைவாக வருவதும் பெரும்பாலும் இதில்தான். லொறியை நீளத்தால்தான் பேசுவார்கள்: பத்தரை அடி, பதினாலரை அடி. தளபாடத்தோடு வாடகைக்கு எடுத்த வீட்டை விட்டுப் போகிறவருக்குப் பத்தரை தாராளம். சொந்தத் தளபாடம் உள்ள இரண்டு அறை வீடு ஒரே நடையில் போக வேண்டுமானால் பதினாலரை வேண்டும்.

பெரிய லொறி எடுத்தால் நல்லது என்று முடிவுகட்டுவதற்கு முன் ஒழுங்கையைப் பார்க்க வேண்டும். காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகள் பலவற்றில் பதினாலரை அடி உள்ளே போகும், திரும்பாது. போதாததற்குத் தாழத் தொங்கும் கேபிள் வயர்கள் மூடிய கூட்டு லொறியின் தலையில் தட்டும். கட்டடத்தின் கீழ்த்தள வாகனத் தரிப்பிடமோ காருக்கென்று கட்டியது, லொறிக்கு உயரம் போதாது. இறுதியில் லொறி வீதியோரம் நிற்கும், ஆட்கள் ஒவ்வொரு பெட்டியையும் ஐம்பது மீற்றர் சுமப்பார்கள். அந்த நடைக்கும் சேர்த்துத்தான் கூலி கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட. திறந்த லொறியென்றால் படங்கு இருக்கிறதா, அது கிழியாத படங்கா என்று கேட்டு வையுங்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை சொல்லிவிட்டு வராது.

பேசும்போது தெளிவாகச் சொல்ல வேண்டியவை: இரு பக்கமும் எத்தனையாம் மாடி, லிஃப்டா படியா, காத்திருப்புக்கு மணித்தியாலத்துக்கு எவ்வளவு, கட்டில் கழற்றுவது யார், பூட்டுவது யார். இதைச் சொல்லாமல் பேசிய கூலி, லொறி வந்து நின்றபிறகு வாசலிலேயே மாறும்.

கம்பெனி

பொதி கட்டுவதிலிருந்து புதிய வீட்டில் கட்டில் பூட்டுவது வரை பார்க்கும் நிறுவனங்கள் கூடுதல் காசு கேட்கும். அந்தக் காசு பபிள் ரேப்புக்குப் போகிறது என்று பலர் நினைப்பார்கள். உண்மையான பெறுமதி, இரண்டு குழுவை இரண்டு லொறியோடு அனுப்ப அவர்களால் முடியும் என்பதில் இருக்கிறது. ஒரு குழு பழைய வீட்டில் ஏற்றிக்கொண்டிருக்க, மற்றது முதலில் வந்த லொறியைப் புதிய வீட்டில் இறக்கினால், மேலே சொன்ன எட்டு மணித்தியாலம் நன்றாகச் சுருங்கும். ஒரே குழுவைத்தான் அனுப்புவோம் என்றால், கொடுக்கிற மேலதிகக் காசில் பாதி வீண்.

விலை சொல்ல முன் வீட்டுக்கு வந்து பார்க்காத கம்பெனியை விட்டுவிடலாம். வட்ஸ்அப் படம் பார்த்துச் சொன்ன விலையில் அலுமாரிக்குள் இருக்கிற சாமான் சேராது. சேதத்துக்கு எவ்வளவு வரை பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததற்குப் பொதுவாக அவர்கள் பொறுப்பெடுப்பதில்லை. ஆகவே குசினிப் பொதியையாவது அவர்களிடம் விட்டு, உடுப்பையும் புத்தகத்தையும் நீங்கள் கட்டுவது புத்தி.

பட்டா

ஏழடிப் பெட்டி, முக்கால் தொன் வரை பாரம். எந்த ஒழுங்கையிலும் திரும்பும், பிக்மீ செயலியிலும் பிடிக்கலாம். ஒற்றை அறைக்காரருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. முழு வீட்டையும் பட்டாவில் நாலைந்து நடையாகக் கொண்டுபோவது மட்டும் வேண்டாம். வாடகை மலிவாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு நடைக்கும் காலி வீதி நெரிசலில் நிற்கும்போது மேலே பிடித்த லிஃப்ட் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

இரு வீட்டுத் திறப்பும் மூன்று நாலு நாள் ஒன்றாகக் கையில் இருக்குமானால், கலந்து செய்வதுதான் எங்கள் தெரிவு. முதல் இரண்டு நாளில் பெட்டிகளை மட்டும் பட்டாவில் அனுப்பிவிட்டு, கடைசி நாளில் தளபாடத்துக்குப் பத்தரை அடி லொறி. லொறி நாளில் லிஃப்ட் 12, 15 சுற்றோடு முடியும். வீட்டுக்காரர் அந்த நாலு நாளைத் தராவிட்டால் இரண்டு குழுக் கம்பெனிக்குப் போங்கள்.

லிஃப்டுக்குள் போகாதவை

வாகனத்தைத் தெரிய முன் அளவு நாடாவை எடுங்கள். எட்டுப் பேர் லிஃப்ட் பொதுவாக 630 கிலோ தாங்கும். உள்ளே 110 சென்ரிமீற்றர் அகலம், 140 ஆழம். மூலைக்கு மூலை 178 வரும். ஐந்தடி மெத்தையின் அகலம் 152, நிமிர்த்திச் சாய்வாக வைத்தால் போய்விடும், கூட நிற்க மட்டும் இடமிராது. மேலே ஒருவர் ஏற்றிவிட, கீழே ஒருவர் வாங்க வேண்டும். ஆறடி மெத்தை 183, மூலைக்கு மூலையும் போதாது. ஃபோம் என்றால் வளைத்துக் கட்டலாம். ஸ்பிரிங் மெத்தையை மடித்தால் உள்ளே கம்பி நெளிந்து, பிறகு முதுகுக்கு ஆகாது. அது படியால்தான் இறங்கும். அப்போது நாலு ஆள் வேண்டும், மாடிக்கு மாடி கூலியும் உண்டு. மூன்று பேர் சோஃபாவைச் செங்குத்தாக நிறுத்தி, முதுகுப்பக்கம் சாய்த்து நுழைக்கலாம், கால்களை முன்பே கழற்றினால்.

பலகைத்தூள் அழுத்திச் செய்த அலுமாரிகளில் எந்த வழியானாலும் கவனம். ஒருமுறை கழற்றிப் பூட்டினாலே ஆணித்துளை தளர்ந்துவிடும். துளைக்குள் மரப்பசை தடவிய தீக்குச்சியை இறுக்கி, காய்ந்தபின் ஆணியைத் திருகினால் பிடிக்கும். இதைச் செய்யப் பொறுமையுள்ள ஆள் நாட்டாமைகளில் அபூர்வம். அலுமாரி கழற்றும் வேலைக்கு மட்டும் ஒரு தச்சரைப் பிடிப்பது மலிவு.

பிரிட்ஜை முதல்நாள் இரவே நிறுத்தி ஐஸ் கரைய விட்டு, நிமிர்த்தியே கொண்டுபோங்கள். படுக்க வைத்தால் கொம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் போகும். அப்படி வந்திருந்தால் ஒரு நாள் நிறுத்தி வைத்தபின் சுவிட்சைப் போடுங்கள். முன்கதவு வோஷிங் மெஷினின் பின்பக்கத்தில் பயணப் போல்ட்டுகளைப் பூட்டாமல் அசைத்தால், உள்ளே தொங்கும் டிரம் ஆடி ஸ்பிரிங்குகளைக் கெடுக்கும். கிரைண்டர் கல்லைக் கழற்றித் தனியே துணியில் சுற்றுங்கள்.

ஏசியை இந்த மூவரிடமும் கொடுக்க வேண்டாம். கழற்ற முன் மெஷினை ஓடவிட்டு, காஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து வால்வைப் பூட்ட வேண்டும். ஆகவே மின்சாரம் துண்டிக்க முன் ஏசிக்காரர் வந்தாக வேண்டும். கடற்பக்கத்துக் கட்டடங்களில் வெளி யூனிட்டின் தாங்கி உப்புக் காற்றில் துருப்பிடித்து, போல்ட் திரும்பாது, அறுக்கத்தான் வேண்டும். புதிய தாங்கிக்குக் காசு ஒதுக்குங்கள். புதிய வீட்டில் சுவர் துளைக்க அனுமதி உண்டா என்பதும் முன்பே கேட்க வேண்டியது.

கிழமை நாளா, ஞாயிறா

ஞாயிறிலும் போயாவிலும் (பௌர்ணமி விடுமுறை) பல கட்டடங்களில் சாமான் ஏற்ற விடுவதில்லை. சனிக்கிழமைக்கு எல்லோரும் முண்டியடிப்பார்கள். அதிலும் சனியன்று ராகுகாலம் 9 முதல் 10.30 வரை, லிஃப்ட் கிடைக்கும் முதல் ஒன்றரை மணித்தியாலம் அப்படியே போகும். தை மாத முகூர்த்த நாளென்றால் ஒரே கட்டடத்தில் இரண்டு குடும்பம் ஒரே லிஃப்டைக் கேட்டு நிற்கும். நல்ல நேரத்தையும் லொறியையும் பிரித்துவிடுங்கள். சுபநேரத்தில் சாமி படம், விளக்கு, உப்பு, அரிசி, மஞ்சள், அடுப்பு, பால் பானை இவற்றை மட்டும் கொண்டுபோய்ப் பால் காய்ச்சலாம், அதற்கு லிஃப்டில் ஒரு நடை போதும். லொறி செவ்வாய் தவிர்ந்த ஏதாவது ஒரு கிழமை நாளில் வரட்டும். அன்று லிஃப்டும் காலியாக இருக்கும், கூலியும் இறங்கும்.

எந்த வழியானாலும் ஒரு கிழமைக்கு முன் இரு கட்டட நிர்வாகத்துக்கும் எழுதிக்கொடுங்கள். திருப்பித் தரும் வைப்புப் பணம், வேலையாட்களின் அடையாள அட்டைப் பிரதி இரண்டும் கேட்கப்படலாம். வெளியேறும் பக்கத்தில், வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் இல்லாமல் செக்கியூரிட்டி சாமானை வெளியே விடமாட்டார். லொறி வந்தபிறகு வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுத்தால், காத்திருப்புக் காசு ஓடத் தொடங்கிவிடும். லிஃப்டின் உட்சுவரைச் சாமான் ஏற்ற முன்பும் முடித்த பின்பும் படம் எடுத்து வையுங்கள், பழைய கீறலுக்கும் உங்கள் வைப்புப் பணத்தில் கழிப்பார்கள். திறப்பைக் கொடுக்கும் நாளில் மின், நீர் மானிகளின் இலக்கத்தை வீட்டுக்காரர் பார்க்கப் படமெடுத்து அவருக்கே அனுப்பிவிட்டு, அட்வான்ஸ் திரும்பும் திகதியை அதே செய்தியில் எழுதி வாங்குங்கள்.