கணபதிப் பட்டறையில் பதினொரு வாரம்: எங்கள் லிஸ்டர் ஆயில் எஞ்சின்

தோட்டத்துச் சாளையில் பழைய ஆயில் எஞ்சின் ஒன்று கிடக்கிறது, அதை ஓட வைக்க ஆசை, யாரை நம்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை. இப்படி இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் நாலு வருடம் அப்படித்தான் இருந்தேன். கோவை கணபதியில் ஒரு பட்டறையில் கொடுத்து வாங்கியிருக்கிறேன். தாராளமாகக் கொடுக்கலாம். தேதி மட்டும் கேட்கக்கூடாது.

எங்களுடையது லிஸ்டர். பித்தளைத் தகட்டில் இங்கிலாந்து, டர்ஸ்லி என்று ஊர்ப்பெயர் இருக்கும். 6 குதிரைத்திறன், ஒரே சிலிண்டர், நிமிடத்துக்கு 650 சுற்று, இரண்டு பக்கமும் ஆரக்கால் வைத்த கனமான சக்கரம், அதாவது பிளைவீல். 1930களிலேயே வந்துவிட்ட மாடல், 1987 வரை பெரிதாக மாற்றாமல் செய்தார்கள். ராஜ்கோட் பட்டறைகளில் இதைப் பார்த்துச் செய்த எஞ்சின்களும் நம் பக்கம் நிறைய ஓடியிருக்கின்றன. உங்களிடம் இருப்பது அதுவாக இருந்தாலும் இங்கே சொல்வதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

1956ல் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, இதைக் கோயமுத்தூரில் வாங்கினார். காங்கேயம் வரை லாரியில் வந்து, அங்கிருந்து தோட்டத்துக்கு இரட்டை மாட்டு வண்டியில் வந்ததாம். அதுவரை மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறு அது. எஞ்சின் வந்த அன்று கவலை மாடுகள் இரண்டும் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தன என்று அப்பத்தா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பிறகு கரண்ட் வந்தது, மோட்டார் வந்தது, எஞ்சின் மூலைக்குப் போனது. அப்பா இருந்தவரை வருடம் ஒருமுறையாவது ஓட்டி விடுவார். அவருக்குப் பின் தோட்டம் என் பொறுப்பு. நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் டீச்சர். டீசல் சுழற்சியைப் போர்டில் வரைந்து இருபத்தைந்து வருடம் நடத்தியிருக்கிறேன். வீட்டில் இருக்கும் எஞ்சின் பேசாமல் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். எந்த ஊர், யார் என்பது வேண்டாம். இரண்டே நாளில் புது அலுமினிய பிஸ்டன் போட்டு ஓட்டிக் காட்டினார். அரை மணி நேரம் லோடில் ஓடியதும் இறுகி நின்றுவிட்டது. பழைய பிஸ்டன் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரும்புக்கு விட்ட இடைவெளியை அலுமினியத்துக்கும் விட்டால் என்ன ஆகும் என்று பதினோராம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். சிலிண்டர் சுவரில் விரல் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்துவிட்டது. பிளைவீலைக் கழற்ற வரவில்லை, கேஸ் வைத்து அறுத்துவிடலாம் என்றும் அவர் சொன்னபோது, வேண்டாம் என்று அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

கணபதிப் பட்டறைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. மேஸ்திரியும் இரண்டு கையாட்களும்தான். இருக்கிற வேலைக்கே நேரம் போதவில்லை, பெயர் போட்டு எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். அந்தப் பக்கத்து ஸ்பேர்ஸ் கடைகளில் ஆயில் எஞ்சின் வேலை செய்கிற பெரியவர் என்று கேட்டால் எந்தச் சந்து என்று காட்டிவிடுவார்கள். எஞ்சினைக் குட்டி யானையில் ஏற்றி பல்லடம், சூலூர் வழியாகக் கொண்டு போனேன். ஏற்ற ஒரு செயின் பிளாக்கும் ஆறு ஆட்களும் தேவைப்பட்டது. போக வர வண்டி வாடகை மட்டும் 5,500 ரூபாய்.

மேஸ்திரி எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி, "டீச்சருங்க, எந்தத் தண்ணியில ஓட்டுனீங்க?"

கிணற்றுத் தண்ணீர்தான் என்றேன். நம் பக்கம் எல்லாரும் செய்வதுபோல, பம்ப்பின் டெலிவரி பைப்பிலிருந்து ஒரு சின்னக் குழாய் எடுத்து எஞ்சினுக்குள் விட்டிருந்தோம். அவர் தலையை ஆட்டிக்கொண்டு சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றச் சொன்னார். தண்ணீர் போகும் வழியெல்லாம் சுண்ணாம்பு பிடித்து, சுண்டு விரல் போக வேண்டிய ஓட்டையில் பென்சில்கூடப் போகவில்லை. வெளியே தண்ணீர் குளிர்ச்சியாக ஓடினாலும் சூடு சுண்ணாம்பைத் தாண்டி வராது, சிலிண்டர் உள்ளேயே வெந்துகொண்டிருக்கும். பிஸ்டன் இறுகியதற்கு அலுமினியம் பாதிக் காரணம், இது மீதிப் பாதி என்றார். கடல் தண்ணீரையே உள்ளே எடுத்துக் குளிரும் படகு எஞ்சின்களிலும் இப்படித்தான் உப்பும் துருவும் தண்ணீர் வழியை அடைத்துவிடும் என்று படித்திருக்கிறேன். காங்கேயத்து உப்புத் தண்ணீர் கடலுக்குக் கொஞ்சம்தான் குறைவு.

அடுத்து பிளைவீல். இந்த எஞ்சினில் பிளைவீலைத் தண்டோடு பிடித்து வைப்பது தலை வைத்த ஒரு சாவி. ஆப்பு மாதிரி இறங்கியிருக்கும். அறுபது வருடத் துரு அதைப் பிடித்திருந்தது. மேஸ்திரி மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து மூன்று நாள் ஊற விட்டார். நாலாம் நாள் சாவித்தலைக்கும் பிளைவீலுக்கும் நடுவே எஃகு ஆப்பு வைத்து, பெரிய சுத்தியலால் ஒவ்வொரு அடியாக, ஒவ்வொரு அடிக்கும் நிறுத்திப் பார்த்து இறக்கினார். சாவி சேதமில்லாமல் வந்தது. அந்த ஒரு வேலைக்காகவே இவரிடம் கொடுத்தது சரி என்று அன்றைக்கே தோன்றிவிட்டது.

அளவெடுத்ததை முழுக்கக் கூடவே நின்று பார்த்தேன். உள்விட்டம் அளக்கும் போர் கேஜை சிலிண்டருக்குள் மேலே, நடுவே, கீழே என்று மூன்று மட்டத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, எண்களைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார். நாலரை அங்குல உள்விட்டம். மேலே ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். கனெக்டிங் ராடு மாட்டும் கிராங்க் பின்னை மைக்ரோமீட்டரில் பிடித்துச் சுற்றிக் காட்டினார், முட்டை வடிவமாகியிருந்தது. எதை மாற்ற வேண்டும் என்பதைவிட எதை மாற்றக்கூடாது என்பதைத்தான் அதிகம் சொன்னார். வால்வைத் திறந்து மூடும் கேம், டேப்பட், ராக்கர் எல்லாம் அப்படியே இருக்கட்டும், இந்த இரும்பு இப்போது கிடைக்காது என்றார்.

பழைய பிஸ்டன் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. முந்தைய மெக்கானிக் வீசிவிட்டுப் போனதை அம்மா எடுத்துக் கழுவி, புளிப்பானை மூடிக்குப் பாரமாக வைத்திருந்தார். அடுத்த சனிக்கிழமை அதைப் பையில் போட்டுக் கொண்டுபோனேன். மேஸ்திரிக்கு அவ்வளவு சந்தோஷம். பிளைவீலில் இருக்கும் எதிர் எடை இந்த கனத்துக்காக வைத்தது, எடை குறைந்த பிஸ்டன் போட்டால் எஞ்சின் குதிக்கும் என்றார். பிஸ்டனின் மேல் ரிங் காடி தேய்ந்திருந்தது. லேத்தில் காடியைச் சமன்படுத்தி, கொஞ்சம் தடித்த ரிங் போட்டார். சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து, உள்ளே ஸ்லீவ் என்கிற வார்ப்பிரும்புக் குழாயை இறக்கி, மறுபடி பழைய அளவுக்கே கொண்டுவந்து, ஹோனிங் செய்து உள்சுவரைத் தீட்டினார். இதற்குப் பதில் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருந்தால் செலவு குறைந்திருக்கும். நான் ஸ்லீவையே கேட்டுச் செய்யச் சொன்னேன்.

கிராங்கை மட்டும் அவர் செய்யவில்லை, பக்கத்தில் கிரைண்டிங் செய்கிற இடத்துக்கு அனுப்பினார். கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் பிக் எண்டு பேரிங்குக்கு ஒயிட் மெட்டல் என்கிற மெதுவான உலோகத்தை உருக்கி ஊற்றியது இவர்தான். இப்போதெல்லாம் யாரும் இதற்கு உட்காருவதில்லை. ஊற்றி, கடைந்து, கிராங்க் பின்னில் மார்க்கிங் ப்ளூ தடவி, பேரிங்கை வைத்துச் சுற்றி எடுத்தால் எங்கே உரசுகிறதோ அங்கே நீலம் ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்ட வேண்டும். மறுபடி நீலம், மறுபடி சுரண்டல். எண்ணிப் பார்த்தேன், பதினேழு முறை. கடைசியில் நீலம் முழுப் பரப்பிலும் அம்மைத் தழும்பு போலச் சமமாக விழுந்திருந்தது. இந்த எஞ்சினில் ஆயில் பம்ப் வைத்து பிக் எண்டுக்கு ஆயில் தள்ளுவது கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் சிறு கரண்டி, சுற்றுக்கு ஒருமுறை ஆயிலை அள்ளித் தெளிக்கும். அதனால் பேரிங் சரியாக உட்காராவிட்டால் அதைக் காப்பாற்ற வேறு எதுவும் இல்லை.

ஹெட் மாட்டும்போது ஈயக் கம்பித் துண்டை பிஸ்டன் மேல் வைத்து, பிளைவீலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். நசுங்கிய கம்பியின் கனம்தான் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. சிலிண்டருக்கு அடியில் ஷிம் என்கிற மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் மூன்று முறை செய்தார். இதை என் பிள்ளைகளுக்கு வகுப்பில் காட்ட வேண்டும் என்று நசுங்கிய துண்டுகளைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நாலு வாரம் என்று சொன்ன வேலை பதினொரு வாரம் ஆனது. நடுவில் மூன்று வாரம் ஒரு போல்ட்கூடத் திரும்பவில்லை, கரும்பு ஆலை வேலை ஒன்று உள்ளே வந்துவிட்டது. போன் எடுக்கமாட்டார், நேரில்தான் போக வேண்டும். காங்கேயத்திலிருந்து எட்டுத் தடவை போனேன். பெரிய வருத்தம் இன்னொன்று. பழைய இங்கிலீஷ் எஞ்சின் என்பதால் எல்லாம் விட்வொர்த் என்கிற பழைய அங்குல அளவு மரை. கையாள் பையன் கிராங்க் கேஸ் கதவின் போல்ட் ஓட்டை ஒன்றில் மரை வெட்டும் மெட்ரிக் டேப்பை விட்டு பழைய மரையை அறுத்துவிட்டான். கேட்டதும் மேஸ்திரி மறைக்கவில்லை. ஓட்டையை அடைத்து, மறுபடி துளை போட்டு, விட்வொர்த் டேப் தேடிப் பிடித்து அவரே மரை போட்டுக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. ஆனாலும் நான் பார்க்காமல் இருந்திருந்தால் தெரிந்திருக்காது. கொடுப்பவர்கள் எல்லா போல்ட்டையும் கழற்றும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் 32,000 ரூபாய் வாங்கினார். இதில் ஸ்லீவும் ஹோனிங்கும், கிராங்க், ஒயிட் மெட்டல், வால்வு சீட், டீசல் பம்ப் எலிமென்ட், நாசில், அவர் கூலி எல்லாம் அடக்கம். பில் கிடையாது, நோட்டில் எழுதிய துண்டுச் சீட்டுதான். இதே பணத்துக்குக் கொஞ்சம் மேலே போட்டால் புது டீசல் பம்ப்செட்டே வந்துவிடும் என்று என் தம்பி சொன்னான். அவன் சொன்னதில் தப்பில்லை. தண்ணீர் மட்டும் போதும் என்பவர்கள் அதையே வாங்கலாம். கழற்றிய சாமான் ஒவ்வொன்றையும் சாக்கில் கட்டித் திருப்பிக் கொடுத்தார், தேய்ந்த ரிங் உட்பட. இதுவரை எந்தப் பட்டறையிலும் எனக்கு அப்படி நடந்ததில்லை.

எஞ்சின் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியும் கூட வந்தார். பம்ப் தண்ணீரை எஞ்சினுக்குள் விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்போது 200 லிட்டர் டிரம்மில் மழைத் தண்ணீர் நிரப்பி, கீழே ஒரு குழாய், மேலே ஒரு குழாய். சூடான தண்ணீர் தானே மேலேறி டிரம்முக்குப் போகும், குளிர்ந்தது கீழ்வழியே வரும், பம்ப் எதுவும் வேண்டாம். பிளைவீல் சாவித்தலை துருத்திக்கொண்டிருப்பதால் சேலை மாட்டக்கூடாது என்று தகரத்தில் ஒரு மூடியும் செய்து கொண்டுவந்திருந்தார். நான் கேட்கவே இல்லை.

ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருகி உள்ளே விட்டார். அது கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் காற்று நெருக்கப்படும் அளவை, ஏற்றி வைக்கும், குளிரில் கிளம்புவதற்கு அது வேண்டும். லோடு ஏறிய பிறகு வெளியே திருகிவிட வேண்டும். அந்த நெருக்கத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றச் சொன்னார். தம்பி சுற்றினான். பிளைவீல் வேகம் பிடித்ததும் லீவரை விட்டார். முதல் தடவை ஒரு வெள்ளைப் புகை வந்து நின்றது. இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டது. இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி, நிமிடத்துக்கு 325 வெடி, ஒவ்வொன்றும் காதில் தனித்தனியாக விழுந்தது. அம்மா கட்டுத்தரையிலிருந்து வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "உங்கப்பாரு ஓட்டுனப்ப இதே சத்தந்தான்" என்றார். கிணற்றுத் தண்ணீர் தொட்டியில் விழ ஆரம்பித்தபோது மேஸ்திரி பிளைவீலைப் பார்த்துக்கொண்டே நின்றார், சாப்பிடக் கூப்பிட்டும் உடனே வரவில்லை.

இப்போது ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் ஓட்டுகிறோம். லோடு இல்லாமல் ஓடும்போது மட்டும் வேகம் கொஞ்சம் ஏறி இறங்குகிறது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங்காக இருக்கும், ஆடி முடிந்து வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார். எந்த வாரம் என்று நான் கேட்கவில்லை.