பழைய சிவிக் ஹேட்ச்பேக்கை ஆல் வீல் டிரைவா மாத்தி ஓட்டுன அனுபவம்

வேலை முடிஞ்ச புதுசுல இதை எழுதியிருந்தா வெறும் சந்தோஷத்துல சூப்பர் சூப்பர்னு எழுதித் தள்ளியிருப்பேன், அதனாலதான் நல்லா ஓட்டிப் பாத்துட்டு, மழை மண்ணு மலைன்னு எல்லாத்துலயும் விட்டுப் பாத்துட்டு இப்ப எழுதுறேன். பில்டு ஸ்டோரி கொஞ்சம் வரும், ஆனா மெயினா தினமும் ஓட்டுனா எப்படி இருக்கும்ங்கிறதுதான் விஷயம்.

காரு ஈகே ஜெனரேஷன் ஹோண்டா சிவிக், மூணு டோர் ஹேட்ச், முன் வீலு மட்டும் இழுக்குற வண்டி. பார்ட்ஸ் கழட்டி எடுத்த டோனர் வண்டி முதல் ஜெனரேஷன் ஹோண்டா சிஆர்-வி, அதாவது 1995ல இருந்து 2001 வரைக்கும் வந்தது. ஏன் இந்த ஜோடின்னு கேட்டா, அந்த சிஆர்-வியே சிவிக் பிளாட்ஃபார்ம்ல கட்டுன வண்டிதான், வீல்பேஸ் கூட ரெண்டுக்கும் 2620 மிமீ. இதைக் கேட்டதும் "அப்ப போல்ட்டை கழட்டி போல்ட்டை மாட்டுனா போச்சு"ன்னு தோணும். தோணத்தான் செய்யும்.

முன்னாடி பக்கம் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. சிஆர்-வியோட பி20 இன்ஜின், அதோட மேனுவல் கியர்பாக்ஸ், பின்னாடி ஒட்டிக்கிட்டு பின் வீலுக்கு பவரைப் பிரிச்சு அனுப்புற டிரான்ஸ்ஃபர் கேஸ். பி சீரிஸ் இன்ஜினை ஈகேல எறக்குறது ஊரறிஞ்ச சமாச்சாரம், மவுண்ட் எல்லாம் கிடைக்கும். தொல்லை ஒண்ணே ஒண்ணு, பி சீரிஸ்ல எக்ஸாஸ்ட் ரேடியேட்டர் பக்கம் பாத்து இருக்கு, அங்கருந்து பைப் இன்ஜினுக்கு அடியில பின்னாடி வந்தாகணும், அந்த இடத்துலதான் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஜம்முன்னு உக்காந்திருக்கு. டவுன்பைப் புதுசா வளைச்சு, ஹீட் ஷீல்டு போட்டு, ஸ்டீயரிங் ரேக்குல இடிக்காம பாத்துக்கணும்.

நிஜமான வேலை முன் சீட்டுக்குப் பின்னாடிதான் ஆரம்பிக்குது. என்னைக் கேட்டா இது டிரைவ்டிரெய்ன் கன்வர்ஷனே கிடையாது, காரோட பின்பாதியையே புதுசா கட்டுற வேலை. சிவிக்ல பின் சீட்டுக்கு அடியில 45 லிட்டர் டேங்க், பின்னாடிக்கு பவர் கொண்டு போற நீளத் தண்டு, அதாவது பிராப்ஷாஃப்ட், போகவேண்டிய வழியை மறிச்சுக்கிட்டு இருக்கு. டிஃப் (டிஃபரென்ஷியல், வர்ற பவரை ரெண்டு பின் வீலுக்கும் பிரிக்குற பெட்டி) தொங்குறதுக்கு கீழ எந்த மவுண்ட்டும் கிடையாது. பின் ஹப் சும்மா ஒரு ஸ்பிண்டில்ல சுத்துறது, ஆக்ஸில் நுழைய ஓட்டையே இல்ல. அதனால டிரெய்லிங் ஆர்ம், ஹப், டிரம் எல்லாம் சிஆர்-வில இருந்து வந்துச்சு, கூடவே 5x114.3 பிசிடியும் (வீல் போல்ட் எத்தனை, அது இருக்குற வட்டத்தோட விட்டம் எத்தனை மிமீங்கிற கணக்கு) வந்துச்சு, சிவிக்கோட 4x100 வீல் எல்லாம் மூலைக்குப் போச்சு, முன்னாடி நக்கிளையும் சேத்து மாத்தியாச்சு. சிஆர்-வி டிராக் அகலம் வேற கூட, பின் ஆக்ஸில் ரெண்டையும் சுருக்கி செய்ய வேண்டியிருந்துச்சு. டிஃப்புக்கு சப்ஃப்ரேம் ஃபேப்ரிகேட்டர் கைல அடிச்சது. இதுல காசு மிச்சம் பிடிக்க நினைக்காதீங்க, டிஃப் முறுக்குற முறுக்கெல்லாம் அந்த வெல்டிங் மேலதான் வருது, ஃப்ளோர்ல சும்மா தகட்டோட ஒட்டவெச்சா கொஞ்ச நாள்ல தகடு கிழிஞ்சிரும், உள்பக்கம் பிளேட் கொடுத்து ரெயிலோட சேக்கணும்.

டேங்க் இப்ப டிக்கில, அலுமினியம், 30 லிட்டர் சொச்சம். உள்ள பேஃபிள் (பெட்ரோல் அலையாம தடுக்குற தகடு) இல்லாத டேங்க் வாங்கவே வாங்காதீங்க, பெட்ரோல் கம்மியா இருக்கும்போது மலை வளைவுல ஒரு பக்கமா ஒதுங்கி பம்ப் காத்தை இழுக்கும், இன்ஜின் ஒரு நொடி மூச்சுத் திணறும். டேங்குக்கும் கேபினுக்கும் நடுவுல மெட்டல் தடுப்பு, டேங்க் காத்து போற பிரீதர் குழாய் வெளிய போற மாதிரி, இது ரெண்டும் கட்டாயம். ஸ்டெப்னிக்கு இடமே இல்ல. பஞ்சர் கிட்தான்.

அடுத்து பிராப்ஷாஃப்ட். வீல்பேஸ் ஒண்ணா இருந்தாலும் டிஃப் உக்காந்த இடத்துக்கு ஏத்த மாதிரி ஷாஃப்ட்டை வெட்டி ஒட்ட வேண்டியிருந்துச்சு, வெளிய ஒரு ஒர்க்‌ஷாப்ல குடுத்தேன். வந்ததும் மாட்டி ஓட்டுனா 80 தாண்டுனதும் சீட்டுக்கு அடியில கும்ம்ம்னு ஒரு அதிர்வு, 100ல கண்ணாடில பின்னாடி வர்ற வண்டியே கலங்கலா தெரியுது. பேலன்ஸ் பண்ணியாச்சு பண்ணியாச்சுன்னு அவங்க சத்தியம் பண்றாங்க. கழட்டி தரையில வெச்சுப் பாத்தா ரெண்டு முனையிலயும் ஜாயிண்ட்டைப் பிடிக்கிற கவை, அதாவது யோக், ஒரே கோட்டுல இல்ல, வெல்ட் பண்ணும்போது கொஞ்சம் திரும்பியிருக்கு. யூனிவர்சல் ஜாயிண்ட் கோணத்துல சுத்தும்போது ஒரே சீரான வேகத்துல சுத்தாது, ஒரு சுத்துக்குள்ளயே வேகம் ஏறி எறங்கும், ரெண்டு யோக்கும் ஃபேஸ்ல இருந்து ரெண்டு பக்க கோணமும் சமமா இருந்தாதான் ஒண்ணு பண்றதை இன்னொண்ணு சரிக்கட்டும். அந்த ஃபேஸ் போனா நீங்க எத்தனை தடவை பேலன்ஸ் பண்ணாலும் அதிர்வு போகாது. வேற இடத்துல திரும்ப வெல்ட் பண்ணி, நடு சப்போர்ட் பேரிங்குக்கு ஷிம் வெச்சு உயரம் சரி பண்ணதும் சத்தம் நின்னுச்சு.

சரி ஓட்ட எப்படி இருக்கு? ஹோண்டா இதை ரியல் டைம்னு சொல்லுது, நிரந்தர நாலு வீல் டிரைவ் கிடையாது. பின் டிஃப்ல ரெண்டு ஹைட்ராலிக் பம்ப், ஒண்ணை பிராப்ஷாஃப்ட் சுத்துது, இன்னொண்ணை பின் வீலு சுத்துது. ரெண்டும் ஒரே வேகத்துல போற வரைக்கும் ஆயில் சும்மா சுத்தி வரும். முன் வீலு ஸ்லிப் ஆனா பிரஷர் ஏறி கிளட்ச் பேக்கை அழுத்தும், பின்னாடிக்கு பவர் போகும். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது, பழைய காருக்கு இதைவிட தோதான சிஸ்டம் இல்ல. ஆனா முன் வீலு லேசா வழுக்குனாதான் பின்னாடி முழிச்சுக்கும். ஈரமான ஏத்தத்துல முதல் கியர்ல எடுக்கும்போது முன்னாடி ஒரு சின்ன சர்ருனு சத்தம், உடனே பின்னாடி இருந்து யாரோ கை வெச்சு தள்றாப்புல ஒரு உந்து. அந்த உந்துதான் இத்தனை செலவுக்கும் கிடைக்கிற பொருளு. ஸ்டீயரிங் இழுக்குறது பாதி குறைஞ்சிருச்சு, சேறுல பழைய மாதிரி ஒரு வீலு மட்டும் சுத்திக்கிட்டு நிக்கிற கதை இல்ல.

காஞ்ச ரோட்டுல? ஒண்ணும் தெரியாது, கிட்டத்தட்ட நூறு கிலோ கூடுன ஃப்ரண்ட் வீல் டிரைவ் காரு அவ்ளோதான். முக்கியமா பிரேக்குக்கு இதனால ஒரு பிரயோஜனமும் இல்ல. நாலு வீலும் பிடிச்சு இழுக்குதேன்னு தைரியமா போனா நிறுத்தும்போது அதே பழைய டயர்தான், எடை வேற கூட.

கியரிங் பத்தி யாரும் முன்கூட்டி சொல்றதில்ல. சிஆர்-வில 205/70 ஆர்15 டயர், விட்டம் 668 மிமீ கிட்ட வரும். என் கார்ல 195/55 ஆர்15, 596 மிமீ. கியர்பாக்ஸ் அந்தப் பெரிய டயருக்குன்னு கட்டுனது, அதனால அதே வேகத்துக்கு ஆர்பிஎம் 12 சதவீதம் கூட. சிஆர்-வி 3000ல போற இடத்துல நான் 3360ல போறேன். சிட்டில ஜிவ்வுன்னு இருக்கும், ஹைவேல ஆறாவது கியர் எங்கன்னு கை தேடும். நீண்ட தூரம் போனா காதுல அந்த ரீங்காரம் எறங்கியும் கேக்கும். மைலேஜும் அடி வாங்குது, எடை ஒரு பக்கம், இந்த ஆர்பிஎம் ஒரு பக்கம், சின்ன டேங்க் ஒரு பக்கம், பங்க் பாத்து பாத்து ஓட்டணும்.

மெயின்டனன்ஸ்ல ரெண்டு விஷயம்தான் உயிர். ஒண்ணு பின் டிஃப் ஆயில், ஹோண்டாவோட டூயல் பம்ப் ஃப்ளூயிட் மட்டும்தான், சாதா கியர் ஆயில் ஊத்துனா கிளட்ச் பிளேட் விட்டு விட்டு பிடிச்சு அதிரும். பார்க்கிங்ல ஃபுல்லா ஒடிச்சு திருப்பும்போது பின்னாடி ஊஊஊன்னு முனக ஆரம்பிச்சா ஆயில் வயசாயிருச்சுன்னு அர்த்தம், அந்தச் சத்தம் வந்ததும் மாத்திருவேன், மாத்தி கொஞ்சம் எட்டு போட்டு ஓட்டுனா போயிரும். ரெண்டாவது டயர். முன்னாடி ரெண்டு மட்டும் புதுசு போடுறது எல்லாம் மறந்துருங்க. விட்டத்துல வித்தியாசம் இருந்தா ரெண்டு பம்பும் எப்பவும் வேற வேற வேகத்துல சுத்தும், நேர் ரோட்டுலயே கிளட்ச் பாதி பிடிச்சுக்கிட்டு சூடாகி தேயும். நாலும் ஒரே பிராண்ட், ஒரே மாடல், ஒழுங்கா ரொட்டேஷன், மாத்துனா நாலும் சேந்துதான். வண்டி நடுவழில நின்னாலும் ஒரு முனையத் தூக்கி இழுக்க விடக்கூடாது, ஃப்ளாட்பெட்தான்.

பேப்பர் வேலையை வெல்டிங்குக்கு முன்னாடியே முடிச்சுக்கங்க. ஃப்ளோர் வெட்டுறது, டேங்க் மாத்துறது எல்லாம் பல நாட்டுல ஸ்ட்ரக்சுரல் மாற்றம்னு வரும், இன்ஜினியர் சர்டிஃபிகேட் இல்லாம இன்ஷூரன்ஸ்காரன் கிட்ட போய் நிக்க முடியாது.

ஃபேமிலி காரா ஓட்டுற ஒரே வண்டின்னா இதை நான் சொல்லவே மாட்டேன், அந்தக் காசுக்கு நல்ல சிஆர்-வியே வாங்கி ஓட்டலாம். 4WDயோட வந்த ஆர்த்தியா வேகன் கிடைச்சா இன்னும் நல்லது, அதுவும் இதே சிவிக் வம்சம்தான். ரெண்டாவது காரு, கொஞ்சம் கிறுக்கு, வெல்டிங் தெரிஞ்ச ஃப்ரெண்டு, இந்த மூணும் இருந்தா யோசிக்கலாம்.

எல்லாரும் கேக்குற ஒண்ணு, டர்போ போட்டு பின் டிஃப்பை லாக் பண்ணலாமான்னு. டிராக் ஓட்டுறவங்க பண்றாங்க, அந்த ஹைட்ராலிக் கிளட்ச்சை ஓரங்கட்டிட்டு நேரா லாக் பண்ணிடுவாங்க. நேர் கோட்டுல பிச்சுக்கிட்டு போகும். ஆனா காஞ்ச ரோட்டுல திரும்பும்போது முன் வீலும் பின் வீலும் வேற வேற தூரம் போயாகணும், லாக் ஆயிருந்தா அந்த வித்தியாசம் முழுக்க டயர்லயும் டிரான்ஸ்ஃபர் கேஸ்லயும் முறுக்கா ஏறும். தினமும் ஓட்டுற கார்ல நான் அதைத் தொட மாட்டேன்.