மொம்பாசாவுக்கு பைக் அனுப்பப் போகிறவர்கள் கவனத்துக்கு

கென்யா, தான்சானியா, ஜாம்பியா, போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா என்று ஆறு நாடுகளைச் சொந்த பைக்கில் கடக்கத் திட்டம் போட்டபோது வீட்டில் எல்லோரும் வழிப்பறிக்குத்தான் பயந்தார்கள். என் பணம் போனது சென்னையில், ஏசி போட்ட ஒரு சரக்கு ஏஜென்ட் ஆபீஸில். பைக்கைக் கென்யாவின் துறைமுகமான மொம்பாசாவுக்குக் கப்பலில் அனுப்ப கோட்டேஷன் வாங்கி வைத்திருப்பவர்கள், பெட்டிக்கு ஆணி அடிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது ஹிமாலயன் 411. ஒரு பைக்குக்காகத் தனி கன்டெய்னர் எடுத்தால் கட்டுப்படியாகாது. அதனால் பலருடைய சரக்கோடு சேர்த்து ஏற்றும் எல்.சி.எல். முறை. மூன்று இடத்தில் விலை கேட்டேன். இரண்டு பேர் 70,000 ரூபாய்க்கு மேல் சொன்னார்கள். மூன்றாவது ஆள் பெட்டி அடிப்பது, கஸ்டம்ஸ், கப்பல் வாடகை எல்லாம் சேர்த்து 41,000 என்றார். மொம்பாசாவில் என்ன செலவு வரும் என்று நேராகவே கேட்டேன். "அங்க பெருசா ஒண்ணும் வராது சார். டி.ஓ. சார்ஜ் மட்டும்தான், 100 டாலருக்குள்ள முடிஞ்சிரும்" என்றார். நம்பினேன். வாட்ஸ்அப்பில் ஒரு வரிகூட எழுதி வாங்கவில்லை.

டி.ஓ. என்பது டெலிவரி ஆர்டர். அந்தத் தாள் இல்லாமல் கிடங்கிலிருந்து பெட்டி வெளியே வராது. அதைக் கொடுப்பவர் சென்னை ஏஜென்டின் மொம்பாசா கூட்டாளி. அந்த ஆபீஸ் கவுன்ட்டரில் இருந்த பெண் பில்லை என் பக்கம் திருப்பி வைத்து, மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க ஸ்டேப்ளரை எடுத்து மேலே வைத்தார். 865 டாலர். ஹேண்ட்லிங், கன்டெய்னர் பிரிப்புக் கூலி, டாக்குமென்டேஷன், அட்மின் என்று வரிவரியாக இறங்கி, கடைசியில் கஸ்டம்ஸ் பாண்ட், அதாவது சுங்க வரிக்கான உத்தரவாதப் பத்திரம், 225 டாலர் என்று முடிந்தது.

அங்கேயே நின்று சென்னைக்கு போன் போட்டேன். "சார், கோட்டேஷன்ல ஆறாவது பாயின்ட் பாருங்க" என்றார். பார்த்தேன். சேரும் துறைமுகச் செலவுகள் அங்குள்ள கட்டண விகிதப்படி தனி என்று இருந்தது. அதற்குப் பிறகு அவர் என் போனை எடுக்கவே இல்லை.

இந்தத் தொழிலில் இருக்கும் ஒரு நண்பர் பிறகுதான் விளக்கினார். எல்.சி.எல். சரக்கைச் சேர்த்து அனுப்புகிறவர்கள் போட்டிக்காகக் கப்பல் வாடகையை அடிமட்டத்துக்குக் குறைப்பார்கள். சில வழித்தடங்களில் சரக்கு பிடித்துக் கொடுக்கும் ஏஜென்டுக்கு மேலே காசும் கொடுப்பார்கள். அந்த நஷ்டத்தை எல்லாம் சேரும் துறைமுகத்தில், சரக்கை எடுக்க வருகிறவன் தலையில் கட்டுவார்கள். ஊரிலிருந்து அனுப்பும் வியாபாரிக்கு இதில் வலி இல்லை, அங்கே வாங்குகிறவன் கட்டுவான். பைக் விஷயத்தில் அனுப்புகிறவனும் நானே, எடுக்கிறவனும் நானே.

பெட்டியிலும் விளையாடியிருந்தார்கள். எல்.சி.எல்.லில் எடை, கன அளவு இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். பைக்குக்கு எப்போதும் கன அளவுதான். முன் சக்கரம், ஹேண்டில்பார், கண்ணாடி, விண்ட்ஷீல்டு எல்லாவற்றையும் கழற்றி இறக்கினால் 2.4 கன மீட்டரில் அடங்கியிருக்கும். அவர்கள் அனுப்பிய ஆசாரி எதையும் கழற்றாமல் பெட்டி அடித்தார், 3.4 ஆனது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது உறைக்கவில்லை. நீங்களே கழற்றுங்கள், அளவெடுங்கள், அதன் பிறகு பலகை வெட்டச் சொல்லுங்கள். விமானத்தில் அனுப்புவதற்கும் விலை கேட்டு வையுங்கள். அங்கே ஒரு கன மீட்டருக்குச் சுமார் 167 கிலோ என்று கணக்கிடுவார்கள், அதனால் 2.4 கன மீட்டர் பெட்டி 400 கிலோவாகத்தான் பில் ஆகும். கப்பல் மலிவு என்று நான் நினைத்த வித்தியாசம் மொம்பாசாவில் கரைந்துபோனது.

பாண்ட் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. என்னிடம் கார்னே இருந்தது. வண்டிக்குப் பாஸ்போர்ட் போன்ற புத்தகம் அது, ஓராண்டு செல்லும், சுங்க வரி கட்டாமல் வண்டியைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுபோக உதவும். வங்கி உத்தரவாதம் கொடுத்து மும்பையில் வாங்கியது. கார்னே இருக்கிறவனுக்குத் தனியாக பாண்ட் எதற்கு? கென்யா வருவாய் ஆணைய அலுவலகத்தில் போய்க் கேட்கிறேன் என்றதும் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டார்கள். மீதி 640 டாலருக்கு நான்கு நாள் சண்டை போட்டேன். அதற்குள் கிடங்கின் இலவச நாட்கள் தீர்ந்து வாடகை ஏறத் தொடங்கியது. கட்டிவிட்டேன்.

கோட்டேஷன் வாங்கும்போதே மொம்பாசா கூட்டாளி யார் என்று கேளுங்கள். சொல்ல மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். சொன்னால், அவர்களுக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் பெட்டியின் அளவுக்கு மொத்தம் எவ்வளவு, எத்தனை நாள் கிடங்கு இலவசம் என்று எழுத்தில் வாங்குங்கள். சரக்கு கப்பலேறிய பிறகு பேரம் பேச உங்கள் கையில் எதுவும் இருக்காது.

இதைவிடப் பெரிய ஆபத்து கென்யாவிலிருந்து தான்சானியாவுக்குள் போகும் நமங்கா எல்லையில்தான் தெரிந்தது. கார்னேயில் ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. கீழ்த் துண்டை நுழையும்போதும், நடுத் துண்டை வெளியேறும்போதும் சுங்கத்தார் கிழித்துக்கொள்வார்கள். மேல் துண்டு நம்மோடு இருக்கும், அதில் இரண்டு முத்திரையும் விழ வேண்டும். மொம்பாசா ஏஜென்ட் என் புத்தகத்தை வாங்கிப் போய், கீழ்த் துண்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, மேல் துண்டில் முத்திரை வாங்காமலே திருப்பிக் கொடுத்திருக்கிறார். பைக் கிடைத்த சந்தோஷத்தில் நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. மொம்பாசாவிலிருந்து நைரோபி வழியாக 650 கிலோமீட்டர் வந்த பிறகு, நமங்காவில் கென்ய அதிகாரி அந்த வெற்றுக் கட்டத்தில் விரலை வைத்து, வண்டி கென்யாவுக்குள் வந்ததற்கே அத்தாட்சி இல்லையே, எப்படி வெளியே அனுப்புவேன் என்று கேட்டார். வெளியேறிய முத்திரை விழாவிட்டால் வண்டியை அங்கேயே விற்றதாகக் கொண்டு வரி கேட்கலாம். என் வங்கி உத்தரவாதம் அதற்குத்தான் இருக்கிறது.

அந்த அதிகாரி நல்ல மனிதர். ஒரு ஷில்லிங் கேட்கவில்லை. மொம்பாசாவுக்கு அவரே பலமுறை பேசி, கிழித்த துண்டின் படத்தை வரவழைத்து, எண்ணைச் சரிபார்த்து முத்திரை போட்டுக் கொடுக்க ஒன்றரை நாள் ஆனது. அதன் பிறகு ஜாம்பியாவுக்குள் நுழையும் துந்துமா எல்லையிலும் போட்ஸ்வானாவுக்குள் நுழையும் கஸுங்குலா எல்லையிலும் முத்திரையைப் பார்த்து, படம் எடுத்த பிறகுதான் ஜன்னலை விட்டு நகர்ந்தேன். ஆனால் மொம்பாசாவிலும் நமங்காவிலும் போன நாட்களைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை. தென்னாப்பிரிக்க விசா தேதி நெருங்கியதால் நமீபியாவை விட்டுவிட்டு போட்ஸ்வானாவிலிருந்து நேராகக் கீழே இறங்கினேன். இந்தப் பயணத்தையே அந்தப் பாலைவனச் சாலைக்காகத்தான் தொடங்கினேன்.