‘வரம்பற்ற’ இணையத் திட்டத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு எடுக்கப் போகிறீர்களா? ஆண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று யாராவது ஆசை காட்டுகிறார்களா? பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களிடம் ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்ட ஒரு நிறுவனம், ஒவ்வொரு மாதமும் கடைசி வாரத்தில் இணையத்தை முடக்கிப்போட்டது. பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வேலையைச் செய்கிற நிறுவனங்கள் பல இருப்பதால், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைத்தான்.

விளம்பரத்தில் ‘100 எம்பிபிஎஸ், வரம்பற்ற டேட்டா’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அந்தக் குறிக்கான விளக்கம் விதிமுறைகளின் கடைசியில், ‘நியாயமான பயன்பாட்டுக் கொள்கை’ என்ற தலைப்பின்கீழ் ஒளிந்திருந்தது: மாதம் 1,000 ஜிபியைத் தாண்டினால் வேகம் 1 எம்பிபிஎஸ் ஆகக் குறைக்கப்படும். விற்க வந்தவர் இதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. “எவ்வளவு பார்த்தாலும் தீராது மேடம்” என்றுதான் சொன்னார்.

வேகம் விழுந்தபோது வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தோம். “லைனில் எந்தக் கோளாறும் இல்லை, ரௌட்டரை ஒருமுறை அணைத்துவிட்டுப் போடுங்கள்” என்றார்கள். பிறகு ஒரு தொழில்நுட்பப் பணியாளர் வந்து ரௌட்டர் பழசாகிவிட்டது என்றார். வரம்பு தீர்ந்துவிட்டது என்ற தகவல் அவர்களுடைய கணினித் திரையில் இருந்திருக்கும். ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. கடைசியில் 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினால் பிரச்சினை தீரும் என்று சொல்லி, வித்தியாசத் தொகையையும் வாங்கிக்கொண்டார்கள். அந்தத் திட்டத்திலும் வரம்பு அதே 1,000 ஜிபிதான். எனக்கு ஆத்திரம் வந்தது இந்த இடத்தில்தான்.

கணக்கைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு 100 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், அது விநாடிக்கு 12.5 எம்பி (மெகாபைட்). முழு வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 1,000 ஜிபி தீர 22 மணி நேரம் போதும். மாதத்துக்கு 720 மணி நேரம் இருக்கிறது. 200 எம்பிபிஎஸ் வேகத்தில் அதே அளவு 11 மணி நேரத்தில் காலியாகிவிடும். ஆக, கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு சுவரை இன்னும் சீக்கிரம் முட்டிக்கொள்ளும் வசதியை விற்றிருக்கிறார்கள். வரம்புக்குப் பிறகு கிடைக்கும் 1 எம்பிபிஎஸ் வேகத்தில், 5 ஜிபி அளவுள்ள ஒரு மென்பொருள் புதுப்பிப்பை இறக்க 11 மணி நேரம் ஆகும். வீடியோ அழைப்பில் முகம் உறைந்து நின்றுவிடும்.

இதை எழுதிக் கேட்டபோது வந்த மின்னஞ்சல், நாங்கள் ‘மிக அதிகப் பயன்பாட்டாளர்கள்’ என்றும், ‘சக வாடிக்கையாளர்களின் நலன் கருதி’ வேகம் குறைக்கப்பட்டது என்றும் கூறியது. ஏதோ அண்டை வீட்டார் பங்கைத் திருடியவர்கள்போல. ரௌட்டரின் பயன்பாட்டுப் பக்கத்தைத் திறந்து, எந்தச் சாதனம் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தேன். முதலிடத்தில் இருந்தது, நடமாட முடியாத என் தாயாரின் அறையில் வைத்திருக்கும் கேமரா. அது நொடிக்கு 2 மெகாபிட் வீதம் இரவும் பகலும் மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. நாளொன்றுக்கு 21.6 ஜிபி, மாதத்துக்கு 650 ஜிபிக்குச் சற்றே குறைவு. அப்லோடும் வரம்பில் சேரும் என்பதை விற்கும்போது யார் சொல்கிறார்கள்? படுத்திருக்கும் ஒருவரைக் கவனித்துக்கொள்வது பேராசை ஆகாது.

‘சக வாடிக்கையாளர் நலன்’ என்ற வாதத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஃபைபர் நிறுவனத்தின் பெருஞ்செலவு பள்ளம் தோண்டுவது, கேபிள் இழுப்பது, கருவிகள் வாங்குவது, ஆட்களுக்குச் சம்பளம் கொடுப்பது ஆகியவைதான். கேபிள் இழுத்த பிறகு அதில் கூடுதலாக ஒரு ஜிபி போவதற்கு ஏறக்குறைய செலவே இல்லை. கருவிகளை விரிவாக்க வேண்டிய தேவை எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் மாலை, முன்னிரவு நெரிசலால் வருகிறது. இந்த நிறுவனங்கள் வெளியிலிருந்து இணையத் திறனை (பேண்ட்வித்) மொத்தமாக வாங்கும்போதும் பரவலாக உள்ள வழக்கம் இதுதான்: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தை அளந்து, உச்சமான 5 சதவீத அளவீடுகளைத் தள்ளிவிட்டு, அடுத்துள்ள அளவுக்குப் பணம் கட்டுவார்கள். மொத்தம் எத்தனை ஜிபி என்று அங்கே யாரும் எண்ணுவதில்லை. நெட்ஃபிளிக்ஸ், கூகுள் போன்றவை தங்கள் வீடியோக்களைச் சேமித்து வழங்கும் சர்வர்களைத் தகுதியுள்ள இணைய நிறுவனங்களின் வளாகத்திலேயே இலவசமாக வைத்துக் கொடுக்கின்றன. அதிகாலை மூன்று மணிக்கு நான் 100 ஜிபி இறக்கினால் யாருடைய வேகமும் குறையாது. என் வரம்பில் மட்டும் 100 ஜிபி கழியும்.

நெரிசல் என்பதே பொய் என்று நான் சொல்லவில்லை. செல்பேசி, செயற்கைக்கோள் இணைப்புகளில் அலைக்கற்றை குறைவு. அங்கே கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு. ஃபைபரிலும் ஒரு லைனைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. அப்படியானால் நெரிசல் நேரத்தில் மட்டும் எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பதுதானே நியாயம்? மாதாந்தர வரம்பு அதைச் செய்வதில்லை. 2020 மார்ச்சில், உலகமே வீட்டுக்குள் முடங்கி இணையப் பயன்பாடு எகிறிய நேரத்தில், அமெரிக்காவின் காம்காஸ்ட், ஏடி அண்ட் டி நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளுக்கான வரம்பைத் தற்காலிகமாக நீக்கின. நெட்வொர்க் தாக்குப்பிடித்தது. வரம்பு யாருக்கு உதவுகிறது என்பது, வரம்பு தீர்ந்ததும் செயலியில் வந்து நிற்கும் ‘டாப்-அப் வாங்குங்கள்’ பொத்தானைப் பார்த்தால் தெரியும். மாதத் திட்டத்தின் விலையை 1,000 ஜிபியால் வகுத்து, டாப்-அப்பில் ஒரு ஜிபிக்கான விலையோடு ஒப்பிட்டேன். டாப்-அப் விலை பல மடங்கு அதிகம்.

பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள்: மாத வரம்பு எத்தனை ஜிபி, அதைத் தாண்டினால் என்ன வேகம், அப்லோடு சேருமா, பெரிய திட்டத்துக்கு மாறினால் வரம்பும் உயருமா, நடுவில் விலகினால் மீதிப் பணம் திரும்புமா. வாய்வார்த்தை எதற்கும் உதவாது. கேமரா இருந்தால் அசைவு தெரியும்போது மட்டும் பதிவு செய்யும்படி மாற்றிவிடுங்கள். நிறுவனம் காட்டும் மீட்டரை மட்டும் நம்பாமல், ரௌட்டரின் கணக்கையும் மாதக் கடைசியில் படம்பிடித்து வையுங்கள். இரண்டுக்கும் சிறு வித்தியாசம் இயல்பு, பெரிய வித்தியாசம் புகாருக்கு ஆதாரம்.

நாங்கள் வேறு இணைப்புக்கு மாறிவிட்டோம். மீதி மாதங்களுக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ‘இடையில் நிறுத்தினால் தொகை திரும்பத் தரப்படாது’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. விளம்பரத்தின் படம், மின்னஞ்சல்கள், ரௌட்டர் கணக்கு எல்லாவற்றையும் இணைத்து ஒழுங்குமுறை ஆணையத்திடம் புகார் கொடுத்திருக்கிறோம். முடிவு தெரிந்ததும் இதே பதிவில் சேர்க்கிறேன்.