கிளாம்பாக்கம் மெட்ரோ: தூணா, சுரங்கமா?

சென்னை விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வரை ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை வழியாக ஏறத்தாழ 15.5 கி.மீ. நீளத்துக்கு மெட்ரோவை நீட்டும் திட்டம் தூண்கள்மேல் ஓடும் உயர்மட்டப் பாதையாகவே வகுக்கப்பட்டுள்ளது. ‘ஏற்கெனவே நெரிசல், இதில் தூண் வேறா? சுரங்கமாகப் போட்டால் என்ன?’ என்று கேட்பவர்களைக் குரோம்பேட்டைப் பக்கம் அடிக்கடி சந்திக்கிறேன். கேள்வி நியாயமானதுதான், ஆனால் சுரங்கம் என்றால் சாலைக்குத் தொல்லையே இல்லை என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

அந்த எண்ணம் கலைய மயிலாப்பூர் லஸ் முனைக்கு ஒருமுறை போய் வந்தால் போதும். இயந்திரம் மண்ணுக்கடியில் துளைப்பது சுரங்கத்தை மட்டும்தான். நிலையத்தையோ பெரும்பாலும் மேலிருந்துதான் தோண்டியாக வேண்டும். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் இரண்டு வழித்தடங்கள் சந்திக்கும் திருமயிலை நிலையம் சுமார் 35 மீட்டர் ஆழத்துக்குப் போவதால், அங்கே தகரத் தடுப்புகள் ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன. பேருந்துகள் சுற்றிப் போகின்றன. தடுப்புக்கும் கடைவாசலுக்கும் இடையே எஞ்சிய சந்தில் காய்கறிப் பையோடு வருபவர் எதிரே வருபவருக்காக ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கிறது. மண்ணும் எல்லா இடத்திலும் ஒத்துழைப்பதில்லை. 2017 ஏப்ரலில் மெட்ரோ சுரங்கப் பணி நடந்த அண்ணா சாலை திடீரென உள்வாங்கி, மாநகரப் பேருந்தும் காரும் பள்ளத்தில் இறங்கியதை நகரம் மறந்திருக்காது. ஆயினும் மயிலாப்பூரின் குறுகிய தெருக்களில் தூண் நடவே இடமில்லை என்பதால், பொதுவாக உயர்மட்டப் பாதையைப் போல் இரண்டு மூன்று மடங்கு செலவானாலும் அங்கே சுரங்கம்தான் சரி.

உயர்மட்டப் பாதையும் குறையற்றதன்று. 2025 ஜூனில் ராமாபுரம் அருகே கட்டுமானத்திலிருந்த உத்திரங்கள் விழுந்து இருசக்கர வாகனத்தில் சென்றவர் உயிரிழந்தார். மலிவாகக் கிடைத்த இடத்தில் தூண் நட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பறக்கும் ரயிலே சாட்சி: பக்கிங்காம் கால்வாய்க்குள் தூண்கள் இறங்கின, நிலையங்களோ பயணியர் நடமாட்டத்திலிருந்து விலகிப் போயின.

ஜி.எஸ்.டி. சாலையின் நிலைமை மயிலாப்பூருடையது அன்று. சாலை அகலமானது, விமான நிலைய மெட்ரோ நிலையமே தரைக்கு மேலே இருக்கிறது. அதிலிருந்து சுரங்கத்துக்குள் இறங்க வேண்டுமானால் நீண்ட சரிவுப்பாதை தேவை. தூணை எதிர்ப்பவர்கள் காப்பாற்ற நினைக்கும் சாலையின் அகலத்தையே அது விழுங்கும். பல்லாவரத்தில் மேம்பாலம் குறுக்கிடுவதால் மெட்ரோ இன்னும் உயரமாகப் போக வேண்டியிருக்கும் என்பது உண்மையான சிக்கல். ஆனால் ஆற்காடு சாலையில் இரண்டு வழித்தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவர்களுக்கு அது புதிதன்று. தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் பக்கம் 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு, தண்ணீர் எட்டாத உயரத்தில் ரயில் ஓடுவதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

எனவே இந்தத் தடத்தில் என் வாக்கு தூணுக்கே, ஒரு நிபந்தனையோடு. பக்கத்திலேயே தரைமட்டத்தில் புறநகர் ரயில் ஓடுகிறது. பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் அந்த நடைமேடைகளுக்கு மெட்ரோவிலிருந்து நேரடி நடைபாலம் முதல் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பயணிகள் மாடியிலிருந்து இறங்கி, சாலையைக் கடந்து, மறுபடியும் படியேற நேரும்.